குளச்சலுக்கு மேலே இரண்டரை மணி நேரம்

விமானம் தரையை விட்டு எழும்பிச் சற்று நேரத்தில் காலடியில் ஒரு சத்தம் கேட்கும். தூரத்தில் மாவு மில் ஓடுவதுபோல ஒரு முனகல். பயணிகளில் பலர் அதைக் கவனிப்பதில்லை. விமானப் பணிப்பெண்களான எங்களுக்கு அது கேட்டால்தான் நிம்மதி. மேலே எழும்புவதற்காக நீட்டி வைத்திருந்த இறக்கைத் தகடுகள் உள்ளே போகின்றன என்று அர்த்தம்.

அன்று திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்குப் புறப்பட்டபோதும் அந்த முனகல் தொடங்கியது. பாதியில் 'டக்' என்று நின்றுவிட்டது.

என் இருக்கை முன்கதவை ஒட்டி, பயணிகளைப் பார்த்தபடி இருக்கும். விமானம் இடது பக்கம் மெல்லச் சாய்ந்தது; நிமிர்ந்தது. மறுபடியும் சாய்ந்தது, நிமிர்ந்தது. யாரோ ஒருவர் அதைப் பிடித்து நிறுத்தி வைக்கப் பாடுபடுவது தெரிந்தது.

நான் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அதற்குத்தான் சம்பளம்.

இறக்கைக்குப் பக்கத்து ஜன்னலில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தார். மறுபடி இறக்கை, மறுபடி நான். சந்தையில் மீனின் செவிளைத் தூக்கிப் பார்க்கிறவர்களின் பார்வை அது. ஏமாற்ற முடியாது.

சாயா கொடுக்கும் வேலை

இந்தத் தொடரில் இதுவரை சுவாரசியமான பயணிகளைப் பற்றியே எழுதிவிட்டேன் என்று ஒரு வாசகி குறைபட்டிருந்தார். ஒரு நாளாவது ஆபத்து வந்ததா, வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டிலேயே பதினேழு வருடமாக அதைத்தான் கேட்கிறார்கள்.

தேரூர்ப் பக்கம் எங்கள் ஊர். நான்கு பக்கமும் வயல். நான் வேதியியலில் எம்.எஸ்ஸி முடித்துவிட்டு விமானப் பணிக்குப் போகிறேன் என்றதும் பெரியப்பா கேட்டார்: "பிளேன்ல சாயா எடுத்துக் குடுக்கதுக்கா இந்தப் படிப்பு படிச்ச?"

அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். அவர் எனக்கு ஆதரவாகத்தான் பேசினார். "சாயா மட்டும் இல்ல அண்ணே, சாப்பாடும் உண்டும்" என்றார்.

உண்மையில் எங்கள் பயிற்சியில் சாயாவுக்கு ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. மீதி நாளெல்லாம் ஒருபோதும் நடக்கக் கூடாது என்று எல்லோரும் வேண்டிக்கொள்ளும் காரியங்களைச் செய்யக் கற்றுத் தந்தார்கள். புகை நிறைந்த அறையில் தவழ்ந்து வெளியே வருவது. சறுக்குப் பாதையில் குதிப்பது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கத்துவது. "குனிங்க, தலையைக் குனிங்க" என்று மூன்று மொழிகளில் தொண்டை கிழியக் கத்தப் பழக்கினார்கள். வீட்டில் ஒரு நாளும் குரலை உயர்த்தாதே என்று வளர்க்கப்பட்டவள் நான். அந்தப் பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கினேன்.

பதினேழு வருடத்தில் அந்தக் கத்தலுக்கு வேலையே வரவில்லை. சாயா மட்டும் லட்சம் கோப்பை ஊற்றியிருப்பேன்.

நாலு விஷயம்

என் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த விமானத் தொலைபேசி ஒலித்தது. "பகவதி, உள்ளே வாங்க" என்றார் கேப்டன்.

கேப்டன் தாமஸ் கோட்டயத்துக்காரர். ஐம்பது தாண்டியவர். சாதாரணமாகவே அளந்துதான் பேசுவார். நான் உள்ளே போனபோது கைப்பிடியை வலப் பக்கம் திருப்பி, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கமாக இழுக்கும் பழைய ஸ்கூட்டரை ஓட்டுகிறவர்கள் அப்படிப் பிடித்திருப்பார்கள். பக்கத்தில் துணை விமானி நேஹா ஒரு தடித்த கையேட்டிலிருந்து வரி வரியாக வாசிக்க, அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பதற்றமே இல்லை. கோயிலில் சங்கல்பம் சொல்வதுபோல இருந்தது.

"நாலு விஷயம்" என்றார் கேப்டன், என் பக்கம் திரும்பாமல். "ஒண்ணு, தகடு பாதியில மாட்டிக்கிச்சு. இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே அளவுல இல்ல. அதனால மேற்கொண்டு அசையாம அதுவே பூட்டிக்கிச்சு. ரெண்டு, திருவனந்தபுரத்துக்கே திரும்புறோம். ஆனா எரிபொருள் நிறைய இருக்கு, இந்த எடையோட இறங்கக் கூடாது. மூணு, இரண்டரை மணி நேரம் கடலுக்கு மேலே சுத்தி அதை எரிச்சுத் தீர்க்கணும். நாலு, வழக்கத்தை விட வேகமா இறங்குவோம். ரன்வே போதும்னு கணக்கு சொல்லுது. இருந்தாலும் ஆட்களைத் தயார் பண்ணி வைங்க."

நான் நான்கையும் திருப்பிச் சொன்னேன். அதுதான் முறை. நான் சரியாகக் கேட்டேனா என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

"டீ கொடுக்கலாமா?" என்று கேட்டேன்.

"சூடா எதுவும் வேண்டாம். தண்ணி கொடுங்க."

ஆக, பெரியப்பா சொன்ன அந்த ஒரு வேலையும் அன்றைக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

இரண்டு அறிவிப்புகள்

கேப்டன் ஆங்கிலத்தில் அறிவித்தார். அதில் 'சிறிய' என்ற சொல் இரண்டு முறை வந்தது. சிறிய கோளாறு, சிறிய தாமதம். சின்ன விஷயத்துக்குக் கேப்டனே பேசுவாரா? ஆங்கிலம் தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தெரியாதவர்கள், தெரிந்தவர்களின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள்.

அடுத்து என் முறை. கம்பெனி அச்சடித்துக் கொடுத்த தாளை வைத்து வாசித்தேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தொழில்நுட்பக் காரணங்களால் நமது விமானம் புறப்பட்ட நிலையத்திற்கே திரும்பிச் செல்கிறது. தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்."

வாசித்து முடித்தேன். நடுவில் ஒரு பெண் விசும்பத் தொடங்கினாள். பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று எதற்கென்று தெரியாமல் மேலே இருந்த தன் பையை இறக்கினார்.

வெள்ளைத் தொப்பிப் பெரியவர் கையைத் தூக்கினார். பீர் முகம்மது என்று பெயர், தேங்காய்ப்பட்டணத்துக்காரர், முப்பது வருடமாக வளைகுடாவில் சமையல் வேலை. இதெல்லாம் அடுத்த இரண்டு மணி நேரத்தில் நான் தெரிந்துகொண்டது. அப்போது அவர் என் சட்டையில் குத்தியிருந்த பெயரைத்தான் படித்தார்.

"பகவதின்னா நம்ம ஊருப் பிள்ளைல்லா. எங்க மக்கா வீடு?"

"தேரூருக்குப் பக்கம், காக்கா."

அவர்கள் ஊரில் மூத்தவர்களைக் காக்கா என்றுதான் அழைப்பது. அதைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"அப்பம் நம்ம பாசையில சொல்லு மோளே. நீ இப்பம் படிச்சது ரேடியோவுல சாவுச் செய்தி வாசிக்கது மாதிரில்லா இருக்கு. ரெக்கையில அந்தப் பலகை உள்ள போவல்ல, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நாம பொழைப்பமா மாட்டமா, அத மட்டும் சொல்லு."

நான் ஒலிவாங்கி இருந்த இடத்துக்குத் திரும்பிப் போனேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் கவனமாக மறைத்து வைத்திருந்த பேச்சு வாயில் வந்தது.

"எல்லாரும் கேளுங்க. உள்ளதச் சொல்லுகேன். ரெக்கைக்குப் பின்னால ஒரு தகடு உண்டு. மேல ஏறும்போ அது நீண்டு இருக்கும், ஏறி முடிஞ்சா உள்ள போவணும். இன்னைக்கு அது பாதியில மாட்டிக்கிட்டு. பிளேன் நல்லாப் பறக்கு. இஞ்சின் ரெண்டும் நல்லா ஓடுது. ஆனா இந்தக் கோலத்துல கடலத் தாண்டிப் போவ முடியாது. திரும்பிப் போறோம். வயிறு நிறைய எண்ணெய் இருக்கதுனால ஒடனே இறங்க முடியாது. ரெண்டரை மணிக்கூர் நம்ம கடலுக்கு மேலயே சுத்தணும். அதுக்குப் பொறவு இறங்குவோம். கேப்டனுக்கு இந்த வேல நல்லாத் தெரியும். இதச் செஞ்சு காட்டித்தான் வருசா வருசம் அவருக்கு லைசன்ஸு. பேடிக்காண்டாம், பயப்படவே வேண்டாம். பேடி வந்தா பெல்ல அமுக்குங்க, நான் வாறேன்."

யாரோ சிரித்தார்கள். அது அப்படியே பின்வரிசை வரைக்கும் பரவியது. விசும்பிக்கொண்டிருந்த பெண்ணும் சிரித்தாள், பிறகு நன்றாக அழுதாள். பையை இறக்கியவர் உட்கார்ந்தார்.

உடனே இருபத்து மூன்று பேர் பெல்லை அமுக்கினார்கள்.

சொந்த வீட்டுக்கு மேலே

வெயில் நன்றாக ஏறியிருந்தது. விமானம் தாழ்வாக, பெரிய வட்டமாகக் கடல்மேல் சுற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கத்து ஜன்னலில் கரை வந்துபோகும். வெள்ளை நூல் போட்டதுபோல் அலை, அதை ஒட்டித் தென்னை, துறைமுகத்தின் கல்லுக்கட்டு, அதற்குள் படகுகள்.

"அன்னா பாரு, நம்ம பொழிமுகம்" என்று பீர் முகம்மது கூவினார். ஆறு கடலில் கலக்கும் இடம் பழுப்பாகத் தெரிந்தது. அதிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் வீடு.

காலையில் அழுது, கட்டிப்பிடித்து, ஊறுகாயும் சிப்சும் கட்டி வாங்கி, இனி இரண்டு வருடம் கழித்துத்தான் என்று விடைபெற்று வந்தவர்கள் அத்தனை பேரும். இப்போது அவரவர் வீட்டுக் கூரைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே பெண்டாட்டிமார் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். வானத்தில் சத்தம் கேட்டிருக்கலாம். நிமிர்ந்து பார்க்க யாருக்கு நேரம்?

நானும் லிண்டாவும், இன்னும் இரண்டு பேரும் வரிசை வரிசையாகப் போனோம். லிண்டா பின்பக்கப் பொறுப்பு. என்னோடு எட்டு வருடம் பறந்தவள். பேனா, சாவி, கண்ணாடி எல்லாம் எடுத்து வைக்கச் சொன்னோம். தலையைக் குனிந்து, முன்னிருக்கையில் கையை ஊன்றி எப்படி இருக்க வேண்டும் என்று செய்து காட்டினோம். வழக்கமாகப் புறப்படும்போது நாங்கள் காட்டும் செயல்முறையை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். அன்றைக்கு ஒருவரும் கண்ணைச் சிமிட்டவில்லை. இரண்டாவது தடவை காட்டச் சொன்னார்கள்.

இறங்க மாட்டேன் என்றவர்

அப்போதுதான் சூசை எழுந்து வந்தார்.

குளச்சலைச் சேர்ந்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும், கதவு மாதிரி உடம்பு. வளைகுடாவில் ஒரு முதலாளியின் மீன்பிடிப் படகில் இஞ்சின் பார்க்கும் வேலை. சமையலறைத் திரைக்கு வெளியே நின்று, மரியாதையாகக் கேட்டார்.

"மேடம், நீங்க திரும்பப்படாது."

"என்னண்ணே சொல்லுதிய?"

"எனக்க விசா இன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணியோட முடியுது. அதுக்குள்ள நான் அங்க கால் வைக்கணும். இல்லேன்னா வேல போச்சு."

வீட்டுக்கு கான்கிரீட் போட ஊருக்கு வந்தவர். மழையால் கான்கிரீட் தள்ளிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. கடைசி நாள் வரைக்கும் இருந்து, போட்டு முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறியிருக்கிறார். அத்தனை பேரும் எப்படியாவது இறங்கிவிட வேண்டும் என்று அவரவர் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இறங்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

"ரெக்க பாதி நீண்டாலும் பறக்குதுல்லா. பைய, மெதுவா ஓட்டிட்டுப் போனா என்ன? எனக்க போட்டுல ஒரு இஞ்சின் போனாலும் மத்ததுல கரைக்கு வந்திருவேன். கேப்டன்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க."

கேட்க வேண்டியதில்லைதான். ஆனாலும் அடுத்து பேசும்போது கேப்டனிடம் சொன்னேன்.

"தகடு இப்படி நீட்டிக்கிட்டே போனா எண்ணெய் அதிகமா செலவாகும், நடுக்கடல்ல தீர்ந்துடும்" என்றார். "அங்கே அவருக்கு மட்டும்தான் தொழில் தெரியும்னு சொல்லுங்க."

நான் அதை அப்படியே சொல்லவில்லை. "எண்ணெய் காணாதாம் அண்ணே, அவ்வளவு தூரத்துக்குப் பத்தாதாம்" என்றேன்.

சூசை தலையைக் குனிந்துகொண்டார். மேற்கொண்டு மல்லுக்கு நிற்கவில்லை. அந்த உடம்பும் அந்த நிதானமும் எனக்கு ஒரு யோசனை தந்தன. இறக்கை மேலே திறக்கும் அவசரக் கதவுக்குப் பக்கத்தில் பதறாத, பலமுள்ள ஆள் வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்தவர் பெல்ட்டைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். இவரை அங்கே மாற்றி உட்காரவைத்து, கதவை எப்படித் திறப்பது, எப்போது திறக்கவே கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். வெளியே தீ தெரிந்தால் திறக்கக் கூடாது. நான் சொல்லாமல் திறக்கக் கூடாது.

கவனமாகக் கேட்டார். திருப்பிச் சொல்லச் சொன்னேன், ஒன்றுவிடாமல் சொன்னார்.

"செரி மேடம். நான் போவ வழி கேட்டேன். நீங்க என்னிய எல்லாரையும் இறக்கி விடச் சொல்லுதிய."

அதில் கோபம் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, தன் புது மாடி தெரிகிறது என்று காட்டினார். எனக்கு ஆயிரம் கூரைகள்தான் தெரிந்தன. "ஆமா, தெரியுது" என்றேன்.

தரை

இரண்டரை மணி நேரம் முடிந்தது. கேப்டன் ஒரே வரியில் சொன்னார்: "போறோம்."

நான் இருக்கையில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார வேண்டும். ஜன்னலில் கடல் மிக வேகமாக ஓடியது. கரை வந்தது, கூரைகள் வந்தன. இந்த வேகத்தில் நான் அவற்றைப் பார்த்ததே இல்லை. பீர் முகம்மதின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவருக்குப் பக்கத்து இருக்கைப் பெண் அவர் கையைப் பிடித்திருந்தாள். அவள் கழுத்தில் சிலுவை.

கேப்டனின் குரல் வந்ததும் கத்தினேன். "குனிங்க! தலையக் குனிங்க! குனிங்க! தலையக் குனிங்க!" பின்னாலிருந்து லிண்டாவின் குரல் அதையே கத்தியது. பதினேழு வருடம் தொண்டைக்குள் வைத்திருந்த சத்தம்.

சக்கரம் ஓங்கி அடித்தது. தலைக்கு மேலே பை வைக்கும் தட்டுகள் இரண்டு திறந்துகொண்டன. பிரேக் பிடித்தபோது மொத்த விமானமும் ஒரு பக்கமாக இழுத்தது. ரப்பரும் இரும்பும் கருகும் வாடை உள்ளே வந்தது. ஜன்னலுக்கு வெளியே தீயணைப்பு வண்டிகள் எங்களோடு ஓடி வந்தன. வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. நின்றது.

சூசையின் வலது கை கதவின் கைப்பிடிக்கு அருகில் இருந்தது, அதைத் தொடவில்லை. அவர் கண் என்மேல் இருந்தது.

"எல்லாரும் இருக்கையிலேயே இருங்க" என்றது கேப்டனின் குரல். தீ இல்லை. வெளியேற வேண்டியதில்லை.

அப்புறம் கைதட்டல், அழுகை, மூன்று மதத்துக் கடவுள்களுக்கும் நன்றி. அது ஒரு பத்து விநாடி நீடித்தது. பதினோராவது விநாடியில் நூற்றெழுபது பேரும் எழுந்து நின்று மேலிருந்து பைகளை இறக்கத் தொடங்கினார்கள். நான் மறுபடியும் கத்த வேண்டியிருந்தது. அதை ஒருவரும் கேட்கவில்லை.

எல்லோரும் இறங்கிய பிறகு கேப்டன் வெளியே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இப்போ ஒரு டீ" என்றார். ஊற்றிக் கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டார். நேஹா கையேட்டை மூடி, ஒழுங்காக அதன் இடத்தில் வைத்தாள்.

கார் நிறுத்துமிடத்தில்

மாற்று விமானம் மறுநாள் காலையில்தான் என்றார்கள். வேறு விமானங்களில் அன்றைக்கு இடமே இல்லை. கேப்டன் ஒரு வெள்ளைத் தாளில் நடந்ததைத் தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு சூசையிடம் கொடுத்தார். சூசை அதைப் படமெடுத்து முதலாளிக்கு அனுப்பினார். உடனே முதலாளியின் பதில் குரல்பதிவாக வந்தது. பிரச்சினையே இல்லை, பிரச்சினையே இல்லை என்று அரபியில் இரண்டு முறை. அதைக் கேட்டதும் சூசையின் முகம் வாடிவிட்டது. "அவரு இப்பிடிச் சொன்னா பெரிய பிரச்சினைன்னு அர்த்தம் மேடம்" என்றார்.

அறிக்கைகள் எழுதிவிட்டு நான் வெளியே வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. காலையில் வழியனுப்ப வந்த அதே வேன் குளச்சலிலிருந்து திரும்ப வந்து நின்றது. பக்கத்தில் பீர் முகம்மது, தன் வண்டிக்காகக் காத்துக்கொண்டு. வேனிலிருந்து சூசையின் மனைவி இறங்கினார். நெடுநெடுவென்று உயரம். பெயர் ஸ்டெல்லா. ஓடிவந்து கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன்.

"பிளேன் திரும்பாண்டாம்னு கேப்டன்கிட்ட சண்டைக்குப் போனியளாம்?"

சூசை பீர் முகம்மதைப் பார்த்தார். பீர் முகம்மது வானத்தைப் பார்த்தார்.

"சண்டையில்ல. சும்மா கேட்டேன்."

"சும்மாவா? ரெக்க ஒடிஞ்ச பிளேன்ல பைய ஓட்டிட்டுப் போங்கன்னு கேட்டியளாம். நீங்க எல்லாரும் கடல்ல கெடந்தா அந்தக் கான்கிரீட்டுக்கு அடியில நான் ஒத்தைக்கு இருந்து என்ன செய்ய? துணி காயப் போடவா?"

விமானம் நிற்கும்வரை கதவுப் பக்கத்தில் கல்லாக உட்கார்ந்திருந்த மனிதர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். உள்ளபடியே பயந்த ஒரு முகத்தை அன்று முழுவதும் நான் பார்த்தது அப்போதுதான். ஸ்டெல்லா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சூசையின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்.

பீர் முகம்மது என் பக்கம் குனிந்து, "வேனக் கூப்பிட அவருக்க போன்ல நான் பேசும்போ அதச் சொன்னது தப்பாப் போச்சோ மக்கா?" என்றார்.

"இல்ல காக்கா" என்றேன்.

இரண்டு கடிதங்கள்

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பாகம் தேய்ந்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அதை மாற்றினார்கள். விமானம் அடுத்த வாரமே பறந்தது.

எனக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, பயணிகளை அமைதியாக வைத்திருந்த திறமைக்குப் பாராட்டு. மற்றது, அங்கீகரிக்கப்படாத வாசகத்தில், அங்கீகரிக்கப்படாத பேச்சுவழக்கில் அறிவிப்பு செய்தது ஏன் என்று விளக்கம் கேட்டது. இரண்டு கடிதத்திலும் தேதி ஒன்றுதான், அனுப்பிய அலுவலக மாடிதான் வேறு. விளக்கத்தை நல்ல ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். அப்பா பாராட்டுக் கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். பெரியப்பா வந்து படித்துவிட்டு, "சாயாவப் பத்தி ஒண்ணும் எழுதல்லியே" என்றார்.

பீர் முகம்மது மறுநாள் காலை விமானத்திலேயே போய்விட்டார். இறக்கைப் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்கி, போய்ச் சேரும்வரை கண்ணை எடுக்கவில்லை என்று அந்த விமானத்தில் போன தோழி சொன்னாள்.

சூசைக்குப் புது விசா வர இரண்டரை மாதம் ஆனது. சம்பளம் முன்னைவிடக் குறைவு. அந்த இரண்டரை மாதமும் குளச்சலில் அண்ணன் படகில் கடலுக்குப் போனார். புது மாடியில் கைப்பிடிச் சுவரும் கட்டி முடித்துவிட்டார்.

புறப்படும் நாளில் விமான நிலையத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், இன்னைக்குப் போறேன். ஒங்க கம்பெனி பிளேன் இல்ல. மனசுல வைக்காதிய."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. பயம் வரத்தானே செய்யும்."

"எனக்குப் பயமா?" என்றார். பின்னால் வேன் கதவு சாத்தும் சத்தமும் ஸ்டெல்லாவின் குரலும் கேட்டன. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒங்க பிளேன்னா மறுபடியும் பாதியில திரும்பி வந்திரும்னு அவளுக்கு நம்பிக்கையாக்கும். அப்பிடி வந்தா எனக்க விசா மறுபடியும் போயிரும்லா. இந்தத் தடவ நான் எப்பிடியாவது போய்ச் சேரணும்னு, அவளேதான் வேற கம்பெனிக்கு டிக்கெட்ட மாத்திப் போட்டா."